தந்தையை மறந்த நாயகன்

அண்மையில் உடையார்கட்டில் மாணவர் சிலரோடு அமர்ந்து ‘நாயகன்’ (1987) படத்தை மீண்டும் பார்த்தோம். முடிவில் பலர் கண்கலங்கினர். கமல்ஹாசனின் நடிப்பு அத்தகையது. பொலிசாரின் கொடுமையை இயக்குநர் மணிரத்னம் அஞ்சாது காட்டியதும் பாராட்டுக்குரியதே.

ஆயினும், வேலுவின் தந்தை யார்? பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர். தொடக்கத்திலேயே அவரை இழக்கும் படம், அவர் வகுத்த வழியையும் அவரோடு புதைத்துவிடுகிறது. மகன் கடத்தற்காரனாகி ஏழைகளுக்கு வாரி வழங்குகிறான். தாராவி மக்கள் அவன் வாசலில் கைகூப்பி நிற்கின்றனர். 1982இல் அதே பம்பாயில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் நிழல்கூடத் திரையில் விழவில்லை!

தாத்தா நல்லவரா, கெட்டவரா என்று பேரன் கேட்கிறான். வேலு விடையறியாது திகைக்கிறான். நாம் கேட்கவேண்டியதோ வேறு: மக்கள் ஏன் ஒரு வள்ளலை நம்பி வாழ நேர்ந்தது?

உடையார்கட்டுக் குளத்து நீரைக் கமக்காரர் கூடிப் பேசியே பங்கிடுகின்றனர். சச்சரவுகள் உண்டு, குறைகளும் உண்டு. எனினும் அங்கே நீர் உரிமை, பிச்சையன்று. ‘நாயகன்’ மறந்த தந்தையின் பாடமும் அதுவே.