முத்திரை குத்துமுன் உற்றுப் பார்: டி.கே.சபாபதியிடம் தமிழ் மாணவர் கற்க வேண்டியது



கவிதைத் திறனாய்வு விடைகளைத் திருத்தும்போது நம்மில் பலரும் பார்ப்பது இது. கவிதையில் கொஞ்சம் விசித்திரமான படிமம் வந்துவிட்டால் போதும், ‘இது மீயதார்த்தக் கவிதை’ என்று ஒரு வரி எழுதுவார்கள். அப்புறம் விளக்கமே இருக்காது. பெயர் சொல்லியாச்சு, வேலை முடிஞ்சுது! மதிப்பெண் கிடைக்கவில்லையே என்று பிறகு வருத்தப்படுவார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல மருந்து ஓவிய உலகத்தில் இருக்கிறது. டி.கே.சபாபதி என்ற கலை வரலாற்றாசிரியரின் உழைப்பைத்தான் சொல்கிறேன். மலேசிய, சிங்கப்பூர் ஓவியத்தைப் படிக்கிறவர்கள் தவிர்க்க முடியாத பெயர் இது. நம் தமிழ் வகுப்பறைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

1938இல் சிங்கப்பூரில் பிறந்தவர் சபாபதி. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தது. அங்கே சீனக் கலை அறிஞர் மைக்கேல் சல்லிவன் கலை வரலாறு கற்பித்தார். பல்கலைக்கழகத்துக்கென ஒரு கலை அருங்காட்சியகத்தையும் உருவாக்கினார். சபாபதிக்கு இந்தத் துறையின் கதவு திறந்தது அங்கேதான். பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் லண்டனிலும் படித்தார். 1970களில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பின்னர் சிங்கப்பூரில் விரிவுரையாளராக இருந்தார். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் கலை விமர்சனமும் எழுதினார்.

அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு சான்று பாருங்கள். 1979இல் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் நன்யாங் ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. ‘நன்யாங்’ என்றால் சீன மொழியில் தென்கடல், அதாவது நம் வட்டாரம். சீனாவிலிருந்து வந்து இங்கே வரைந்த லியூ காங், சியோங் சூ பியெங் போன்றவர்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. கண்காட்சி நூலுக்குச் சபாபதியும் ஓவியர் ரெட்சா பியதாசாவும் எழுதினார்கள். பெயர் இருக்கிறதே என்று சபாபதி விட்டுவிடவில்லை. சீன மை ஓவிய மரபிலிருந்து வந்தது எது, பாரிஸ் ஓவியர்களிடமிருந்து வந்தது எது, இந்த மண்ணின் மக்களும் காட்சிகளும் அதில் எப்படிச் சேர்ந்தன என்று ஓவியங்களுக்குள்ளேயே தேடினார். 1983இல் இருவரும் சேர்ந்து எழுதிய ‘மாடர்ன் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆஃப் மலேசியா’ நூலை டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்டது.

இனி நம் மீயதார்த்தத்துக்கு வருவோம். 1974இல் அதே டேவான் பஹாசாவில் பியதாசாவும் சுலைமான் ஈசாவும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் ஒரு காலிப் பறவைக் கூண்டு. 1974 ஜூன் 10, பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்ட கூண்டு என்று குறிப்பு. பாதி குடித்த இரண்டு கொக்கோ கோலா பாட்டில்கள். பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தும் கடையில் திரட்டிய தலைமுடி! இதைக் கேட்டதும் ‘மீயதார்த்தம், சார்’ என்றுதானே சொல்லத் தோன்றுகிறது?

அவசரப்படாதீங்க. 1924இல் பாரிசில் ஆந்த்ரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்ட மீயதார்த்தம், கனவையும் ஆழ்மனத்தையும் நம்பியது. பிராய்டின் உளவியல் அதற்கு அடிப்படை. ஆனால் இந்தக் கூண்டில் கனவே இல்லை. நாளும் மணியும் குறித்த ஒரு நிகழ்வுதான் இருக்கிறது. பொருளைப் பார்க்காதே, அதன் மேல் ஓடிய காலத்தைப் பார் என்கிறது அது. அதற்குப் பின்னணி தாவோ, ஜென் சிந்தனைகள். வெளித்தோற்றத்தில் இரண்டும் விசித்திரம், வேர் வேறு. பியதாசாவின் கலையைப் பற்றி 2001இல் தனி நூலே எழுதியவர் சபாபதி. ஒரு படைப்பை அதன் காலத்திலும் இடத்திலும் வைத்துப் படிக்கும் அவர் முறை இருந்தால்தான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

தமிழிலும் இப்படித்தான். மீயதார்த்தத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லும் அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ வந்ததும் 1974இல்தான். அதில் கனவின் தர்க்கம் எந்தப் படிமத்தில் செயல்படுகிறது என்று காட்டினால் அது திறனாய்வு. காட்டாவிட்டால் வெறும் முத்திரை.

சபாபதியிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அவர் ஆங்கிலம் அடர்த்தியானது. ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். எழுத்தில் பெரும்பகுதி கண்காட்சி நூல்களில் சிதறிக் கிடந்தது. 1973 முதல் 2015 வரையிலான கட்டுரைகளின் திரட்டு 2018இல்தான் வந்தது. பள்ளி மாணவன் கைக்கு அது சுலபமாக எட்டாது. எட்ட வைப்பது நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு வேகமாக எழுந்து, பிறகு நெடுங்காலம் சரிந்த கதையை 2010இல் அவர் சிறு நூலாக எழுதினார். படிக்க ஆளும் கற்பிக்க இடமும் இல்லாவிட்டால் ஒரு பாடம் எப்படிக் கரைந்துபோகும் என்பதை அது காட்டுகிறது. எஸ்.பி.எம். தமிழ் இலக்கிய வகுப்புக்கு மாணவர்களைத் தேடி அலைகிற ஆசிரியருக்கு இது வெறும் ஓவியக் கதை இல்லை.

மாணவர்களே, தேர்வில் மூன்று படிகளை மறக்காதீர்கள். முதலில் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: என்ன சொல், என்ன படிமம். அடுத்து அது எந்தக் காலத்தில், எந்த மரபில் நிற்கிறது என்று சொல்லுங்கள். கடைசியில்தான் பெயர்.

ஆசிரியர்களே, கிள்ளானிலிருந்து ரயில் ஏறினாலும் பிரிக்பீல்ட்சிலிருந்து கிளம்பினாலும் தேசியக் கலைக்கூடம் ஒரு பயண தூரம்தான். மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போங்கள். ஓர் ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பெயர்ப்பலகையைப் படிக்காமல், கண்டதை மட்டும் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கவிதை வகுப்பில் அதன் பலன் தெரியும்.