ஜீனோவுக்காகக் காத்திருந்த வாரங்கள்

1980களில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வார இதழ் கைக்கு வந்ததும் தொடர்கதைப் பக்கத்தைப் புரட்டுவதும், தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பதும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளில் சகஜம். அப்படியொரு பைண்டு புத்தகம் என்னிடம் இருக்கிறது. பசை காய்ந்த முதுகு, ஓரம் வெட்டும்போது பாதி போன ஒரு விளம்பரம், அதன் மறுபக்கம் கதாநாயகி நிலா பயந்து நிற்கிறாள்.

அந்தக் காத்திருப்புதான் தமிழ் அறிவியல் புனைகதைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. அதை முழுசாக வளரவிடாததும் அதுவே என்பேன்.

ஜீனோ ஓர் இயந்திர நாய். ரவி என்பவனோடு நிலாவின் வீட்டுக்கு வருகிறது, புத்தகம் படிக்கிறது, போகப்போகச் சொன்னதைச் செய்வதோடு நில்லாமல் தானாக யோசிக்கிறது. ஒரே மூச்சில் படிப்பவருக்கு இந்த மாற்றம் சட்டென்று நடந்துவிடும். வாரத்துக்குச் சில பக்கமாகப் படித்தவருக்கு ஜீனோ கண்ணெதிரே வளர்ந்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, ஹோலோகிராம் போன்ற சங்கதிகளைப் பாடம் நடத்தாமல் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார். அதை அசைபோட வாசகருக்கு ஒரு வாரம் இருந்தது.

ஆனால் அந்த உலகத்தையே பாருங்கள். 2021ஆம் ஆண்டு, ஜீவா என்பவரின் சர்வாதிகாரம். பிள்ளை பெற அரசு அனுமதி தர வேண்டும். பெயருக்கு இரண்டே எழுத்து. அபாரமான கற்பனை! இதற்கு மக்கள் எப்படிப் பணிந்தார்கள், சாதி என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும் நேரத்தில் நிலாவுக்கு இன்னோர் ஆபத்து வந்து, ‘தொடரும்’ விழுந்துவிடும்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் அறிவியல் புனைகதை நாவலான ‘டியூன்’கூட 1963 முதல் 1965 வரை அனலாக் இதழில் தொடராக வந்ததுதான். புத்தகமாக்கும்போது அவர் அதைத் திருத்தி, விரித்து எழுதினார். நம் வாரப் பத்திரிகையிலோ ஒரு தொடர் முடிவதற்குள் அடுத்த தொடர் வாசலில் நிற்கும்.

இரண்டாம் பாகத்துக்குப் பெயர் ‘மீண்டும் ஜீனோ’. வாசகர் யாருக்காகக் காத்திருந்தார் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. நிலாவைப் பொம்மை ராணியாக உட்காரவைத்துப் பின்னாலிருந்து ஆள்கிறார்கள் என்பது கனமான அரசியல் தொடக்கம். அது சாகசத்தில் அமுங்கிப்போனது. 2008இல் மறையும் முன் சுஜாதா அந்த அரியணைக்கு ஒருமுறை, வாரக் கெடு இல்லாமல், திரும்பியிருக்க வேண்டும்.