பச்சைக்கு மேலே ஒரு சிவப்பு

நார்வேயின் டிரோம்சோ வானில் துருவ ஒளி ஆடும்போது எல்லோர் கண்ணும் பச்சையில்தான் நிற்கும். என் ஓட்டு, அதன் மேல்விளிம்பில் எப்போதாவது கசியும் சிவப்புக்கு.

இரண்டுமே ஆக்ஸிஜன் அணுவின் வேலை. காந்தப்புலக் கோடுகள் வழியே பாய்ந்துவரும் எலக்ட்ரான்கள் மோதியதும் அணு கிளர்ச்சியடைகிறது. பச்சையை உமிழ ஒரு நொடிகூட வேண்டாம். சிவப்புக்கோ ஏறக்குறைய இரண்டு நிமிடம். 100 கிலோமீட்டர் உயரத்தில் அதற்குள் இன்னொரு மூலக்கூறு இடித்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும் (நம் கணக்கில் அதுவே வெற்றிடம்!). 200 கிலோமீட்டருக்கு மேலேதான் இடிக்க ஆளில்லை.

இந்த ஒளிக்கு எலக்ட்ரான்களே காரணம் என்று காட்ட, நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் 1900களின் தொடக்கத்தில் வெற்றிடப் பெட்டிக்குள் காந்த உருண்டையை வைத்து, எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, துருவங்களைச் சுற்றி ஒளிவளையம் வரவழைத்தார். நார்வே பிற்பாடு அவர் முகத்தை 200 குரோனர் நோட்டில் அச்சிட்டது.