புத்தகம் போடாதவர்களின் குரல்

அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ உரைகளை யூடியூபில் அடிக்கடி கேட்பேன். எழுத்தாளர் தன் குரலிலேயே பேசும்போது வருகிற நெருக்கம் அச்சில் வராது. குறை ஒன்றுதான்: மைக் பெரும்பாலும் புத்தகம் போட்டவர்களைத்தான் தேடிப் போகிறது.

காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது மலையாளிப் பழங்குடிகளின் வாய்வழிக் கதை. 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுதிகளில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கதை பிழைத்தது, சொன்னவர் குரல் பிழைக்கவில்லை. அன்று கருவி அரிது. இன்று செல்போனே போதும்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. இங்கே ஒரு நூலகம் ஒலிப்பதிவு தொடங்கினால், முதல் ஆளாகக் கல்வராயன் மலையில் கதை சொல்லும் ஒரு பாட்டியை உட்கார வைக்கட்டும். எங்களை மாதிரி எழுதுகிறவர்களை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்.