பாட்டு பொதுச்சொத்து, பெயர்?

ஆசிரியர்களே, புலனத்தில் சுற்றும் நாட்டுப்புறப் பாடல் பயிற்றிகளைப் பாருங்கள். நெகிரி செம்பிலான் பால்மரத் தோட்டத்துப் பாட்டு இருக்கும். கீழே, பயிற்றி செய்தவரின் பதிப்புரிமை. பாடிக்கொடுத்த பாட்டியின் பெயர் இருக்காது.

கேள்விகள் அவருடையவை, அவற்றுக்கு உரிமை உண்டு. பாட்டு அவருடையதா?

நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டம், எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும் என்று கணக்கிடுகிறது. வாய்வழி வந்த பாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று யாரும் அச்சிடலாம். ஆனா பாரதி பெயரை யாரும் எடுக்கல.

நம்ம பாட்டுக்கும் அதே நியாயம்தான். தாராளமாகப் பகிருங்கள், பாடியவரிடம் கேட்டு, அவர் பெயரையும் தோட்டத்தையும் எழுதிவிட்டுப் பகிருங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதி ஆனபிறகு யாரைப் போய்க் கேட்பது?