நொச்சி சூடிய நெப்போலியன்

பகைவனுடைய மதிலை வளைத்துக்கொள்பவன் உழிஞைப் பூவையும், உள்ளே நின்று அதைக் காப்பவன் நொச்சிப் பூவையும் சூடுவான் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். தொல்காப்பியர் இரண்டையும் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்கிவிட, பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், காப்பவனுக்கென்று நொச்சித் திணையைத் தனியே ஒதுக்கினார். யுத்த சாஸ்திரத்துக்கு இந்தப் பாகுபாடு எவ்வளவு தூரம் பிரயோஜனப்பட்டதோ, அது பண்டிதர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு கட்டிடத்துக்குள் சிலர் அடைபட்டுக் கிடக்க வெளியே ஒரு கூட்டம் கதவை இடிக்கும் முற்றுகைப் படங்களை ரசிப்பதற்கு இதைவிட உத்தமமான அளவுகோல் எனக்கு அகப்பட்டதில்லை. படம் உழிஞையின் பக்கம் நிற்கிறதா, நொச்சியின் பக்கம் நிற்கிறதா என்று கேட்டுவிட்டால் பாதி விமரிசனம் முடிந்துவிடுகிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன்வாசி ஒருவன் முற்றுகையைப் பற்றிப் பேசுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் நிபோங் மரக் கழிகளை நட்டு எழுப்பிய அரண், 1804ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் செங்கல் மதிலாகி, கார்ன்வாலிஸ் கோட்டை என்ற பெயரோடு கடலைப் பார்த்து இன்றும் நிற்கிறது; இத்தனை காலத்தில் அது ஒரு முற்றுகையையும் கண்டதில்லை. முற்றுகையை நேரில் கண்டவர்கள் இந்தத் தீவுக்கு வேறு விதமாக வந்து சேர்ந்தார்கள். 1801இல் காளையார்கோயிலை வெள்ளையர் சேனை பல மாதங்கள் போராடிப் பிடித்து மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் எழுபதுக்கு மேற்பட்ட அவர் சகாக்களும் 1802இல் கைதிகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டது எங்கள் பினாங்குக்குத்தான். ஆகையால் கைதி, கோட்டை, முற்றுகை என்ற மூன்றையும் நாங்கள் வெறும் சினிமாச் சமாசாரமாக எண்ணிவிட முடியாது.

லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'கைதி' 2019ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி, தீபாவளியை ஒட்டி, விஜய் நடித்த 'பிகில்' வெளிவந்த அதே நாளில் வெளிவந்தது. கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, கதை முழுவதும் ஒரே ராத்திரி. பத்து வருஷம் சிறையில் கிடந்து, தான் பார்த்தேயிராத மகளை அநாதை விடுதியில் பார்க்கப் புறப்பட்ட டில்லி என்பவன், மயங்கிக் கிடக்கும் போலீஸ் அதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறான். அதே நேரத்தில், திருச்சியில் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டிடமான போலீஸ் கமிஷனர் ஆபீஸை, உள்ளே பதுக்கி வைக்கப்பட்ட போதைச் சரக்கை மீட்பதற்காக ஒரு கும்பல் சூழ்ந்துகொள்கிறது. அஜய் தேவ்கன் தாமே இயக்கித் தாமே நடித்து, 'போலா' என்ற பெயரில் இதை ஹிந்தியில் முப்பரிமாணப் படமாக 2023ஆம் வருஷம் மார்ச் 30ஆம் தேதி வெளியிட்டார். அந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு எங்கள் லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில், தே தாரேக் ஆறுவதைக்கூடக் கவனியாமல் நடந்த தர்க்கங்கள்தாம் இந்தக் கட்டுரைக்கு மூலதனம்.

அபிப்பிராயங்கள் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை என்பதுதான் அந்தத் தர்க்கங்களின் ருசி. "சண்டைன்னா அது சண்டைண்ணே! லாரியும் மோட்டார் சைக்கிளும் மோதுற மோதல்ல கண்ணாடியைக் கழட்டவே மனசு வரல" என்று ஒரு வாலிபன் ஹிந்திப் படத்துக்காக வாதாடினான், அவன் சொன்னதில் பொய் இல்லை. தேவ்கனுடைய வாகனத் துரத்தல்களில் தெரியும் தொழில் சாமர்த்தியத்தை மறுப்பவன் ரசிகனாக மாட்டான். புடவைக் கடையில் வேலை செய்யும் ஓர் அக்கா வேறொரு நியாயம் சொன்னாள். தமிழில் டில்லியின் மனைவியை ஒரு கணங்கூடக் காட்டவில்லை. அவன் தன் பூர்வகதையைப் பயணத்தினிடையே வாயால் சொல்லி அழுவதோடு சரி. ஹிந்தியில் அமலா பால் மனைவியாக வந்து ஒரு பாட்டும் பாடப்படுகிறது. "செத்துப்போனவ எப்படி இருந்தான்னு பார்த்தாத்தானே தம்பி, இவன் அழறது நமக்கு ஒறைக்கும்?" என்பது அவள் கட்சி.

அந்த அக்காவுக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். முற்றுகைக் கதையில் காலமும் ஒரு மதில். இந்த ராத்திரிக்கு வெளியே நம்மைக் கொண்டுபோக ஒரு ஜன்னலும் கிடையாது என்ற நிர்ப்பந்தம் இருக்கிற வரையில்தான், பொழுது விடியுமா என்ற ஏக்கம் நமக்கும் பிடிக்கும். டில்லியாக நடித்த கார்த்தி அந்த நீண்ட பேச்சைப் பேசும்போது காமிரா அவர் முகத்தை விட்டு அவருடைய பழைய வீட்டுக்கு ஓடிவிடாமல் இருப்பதனால், அந்த மனைவி எப்படி இருந்திருப்பாள் என்று கற்பனை செய்யும் பாரம் நம் தலையில் விழுகிறது. நாம் கற்பித்த முகத்தை எந்த நடிகையாலும் வெல்ல முடியாது. பாட்டுக்காக மதிலில் ஒரு வாசல் திறந்தார்கள். உள்ளே சேர்த்து வைத்திருந்த இருட்டெல்லாம் அந்த வாசல் வழியே போய்விட்டது.

திருநீற்று விஷயமும் அப்படியே. சண்டைக்கு முன்னால் டில்லி நெற்றியில் பூசிக்கொள்ளும் சாம்பல், அவன் யார் என்பதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சொற்பத் தகவல்களில் ஒன்று. ஹிந்தியில் அந்தச் சாம்பல் சிவபெருமானாகவே வளர்ந்து, திரிசூலமும் கைக்கு வந்து, நாயகன் மனுஷ்ய நிலையைக் கடந்துவிடுகிறான். நாசி கண்டார் கடையில் ஆட்டுக்குழம்பு, மீன் குழம்பு, கோழிக்குழம்பு அத்தனையையும் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றச் சொல்லி 'பஞ்சிர்' கேட்கிறவர்களுக்கு இது பரமானந்தம். நானும் சில நாட்களில் அப்படிச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் தெய்வத்தை யாரால் முற்றுகையிட முடியும்? தோற்கக்கூடியவன் உள்ளே இருந்தால்தானே கதவுக்கு மதிப்பு?

இனி என் பிரியத்துக்குரிய பாத்திரத்துக்கு வருகிறேன். கமிஷனர் ஆபீஸில் இருந்தவர்களெல்லாம் நழுவிவிட, மாற்றலாகி வேலையில் சேர வந்த நெப்போலியன் என்ற ஒரு கான்ஸ்டபிளும், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் அகப்பட்ட சில கல்லூரிப் பிள்ளைகளும், லாக்கப்பில் கிடக்கும் பகைவர்களும் மாத்திரம் அங்கே மிஞ்சுகிறார்கள். கும்பலின் தலைவனே அந்த லாக்கப்பில் உட்கார்ந்திருப்பது காவல் நிற்பவனுக்குத் தெரியாது. ஆகிருதியில் சிறிய ஜார்ஜ் மரியான், 'மதராசபட்டினம்' முதலிய படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் வந்து நம்மைச் சிரிக்க வைத்தவர், இந்த வேடத்துக்கு வாய்த்தார். அவர் முதலில் தோன்றும்போது தியேட்டரில் சிரிப்புக்கு வாய் கோணுவது இயற்கை. அந்தப் பெயரே ஒரு பரிகாசம் போலத் தொனிக்கிறது. பிறகு அவர் ஓடிப்போகச் சகல நியாயமும் இருந்தும் ஓடவில்லை. மேஜை நாற்காலிகளை வாசலுக்கு முட்டுக் கொடுத்து, நடுங்கும் பிள்ளைகளுக்கு நடுங்கும் குரலிலேயே கட்டளையிட்டு, தம்முடைய காக்கிச் சட்டைக்குத் தாமே அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்கிறார். வீரம் என்பது அந்த மனிதருக்குச் சுபாவமாக வந்ததன்று, அப்போதுதான் கண்ணெதிரே தயாராகிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நொச்சிப் பூவைச் சூடத் தகுதி பெற்ற பாத்திரம் அந்தப் படத்தில் டில்லி அல்லன், இவர்தான் என்பது என் தீர்மானமான கட்சி. 'போலா'வில் இதே வேடம் சஞ்சய் மிஸ்ராவுக்குப் போயிற்று. அவர் 'ஆங்க்கோன் தேக்கி'யில் ஒரு படத்தையே தனியாகத் தாங்கியவர், நடிப்பில் மகா சமர்த்தர். அந்தச் சமர்த்தே இங்கே விரோதமாகிவிட்டது. அவர் உள்ளே நுழைந்தவுடனேயே, ஏதோ செய்யப் போகிறார் என்று சபை நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

மறு ஆக்கம் என்பதே பாவம் என்று சாதிக்க நான் வரவில்லை. இந்த வம்சத்தின் மூதாதையான 'ரியோ பிராவோ'வை 1959இல் எடுத்த ஹவர்டு ஹாக்ஸ், ஊர் கைவிட்ட ஷெரீப்பைக் காட்டிய 'ஹை நூன்' படம் பிடிக்காமல் அதற்கு மறுமொழியாகவே எடுத்தார். பின்பு 'எல் டொராடோ'விலும் 'ரியோ லோபோ'விலும் கிட்டத்தட்ட அதே கதையைத் தாமே திரும்பச் சொன்னார். ஜான் கார்ப்பென்டர் 1976இல் சொற்பப் பணத்தில் 'அஸால்ட் ஆன் பிரீசிங்க்ட் 13' எடுத்தபோது, படத்தொகுப்பாளர் என்று தமக்கு இட்டுக்கொண்ட புனைபெயர், 'ரியோ பிராவோ'வில் ஜான் வேய்ன் ஏற்ற பாத்திரத்தின் பெயர். மூடப்படவிருக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷனை வளைத்துக்கொண்டு, ஓசையடக்கிய துப்பாக்கிகளோடு, அநேகமாகப் பேச்சே இல்லாமல் வருகிற அந்தக் கும்பலின் பயங்கரம், அது பேசாததில் இருந்தது. 2005இல் ழான் பிரான்சுவா ரிஷே அதை மறுபடி எடுத்தபோது வளைப்பவர்களை லஞ்சப் போலீஸ்காரர்களாக்கி, அவர்களுக்கு நியாயமான ஒரு காரணத்தையும் கொடுத்தார். காரணம் தெரிந்தவுடன் பயம் பாதியாகிவிட்டது. ஆனால் யாரை நம்புவது என்ற வேறொரு பதைப்பு உள்ளே வந்து சேர்ந்தது. அதை வெறும் நஷ்டம் என்று நான் கணக்கெழுத மாட்டேன்.

அந்த மாதிரி ஒரு லாபம் 'போலா'விலும் உண்டு. தமிழில் நரேன் நடித்த அதிகாரியின் ஸ்தானத்தில் தபுவை அமர்த்தினார்கள். மயங்கிக் கிடக்கும் ஆண்பிள்ளை அதிகாரிகளின் நடுவே, காயத்தோடு விழித்திருப்பவள் அவள் ஒருத்தி; லாரியின் முன்னிருக்கையில் அவளும் கைதியும் ஒருவரை ஒருவர் எடை போடும் கணங்களில், தமிழில் இல்லாத ஒரு ரஸம் தட்டுப்படுகிறது. டைரக்டர் அதை வளர்க்காமல் அடுத்த மோதலுக்கு ஓடியது என் மனத்தாங்கல். நேர் எதிராக, பிரெஞ்சுப் படமான 'நுயி பிளாஞ்ச்'சை 2015இல் கமல ஹாசன் 'தூங்காவனம்' ஆக்கியபோது, ஒரே ராத்திரி, ஒரே கேளிக்கை விடுதி, நடுவே பாட்டே இல்லை என்று விரதம் காத்தார்கள். அதையும் "தீபாவளிக்கு வந்த படத்துல ஒரு பாட்டு வேணாமா?" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ரசிகர்களைத் திருப்தி செய்வது சுலபமான காரியமன்று.

கடைசியாக நடந்த தர்க்கம் இதுதான்: இந்தக் கதையை மலாய் மொழியில் எடுத்தால் எங்கே எடுப்பது, யாரைப் போடுவது? பினாங்கு ரோட்டுப் போலீஸ் தலைமையகத்தையே வளைத்துவிடலாம் என்றான் வாலிபன். டில்லி வேடத்துக்கு ஆளுக்கொரு நட்சத்திரத்தைச் சிபாரிசு செய்தார்கள். டில்லிக்கு யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கான்ஸ்டபிளுக்கு மட்டும் கல்யாண வீட்டு மேடையில் சிரிப்புக் காட்டும் யாராவது ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்றேன் நான். "அப்போ போஸ்டர்ல யார் மூஞ்சியப் போடறதாம்?" என்று கேட்டாள் புடவைக் கடை அக்கா. அதற்குள் இரண்டாவது தே தாரேக் வந்துவிட்டது; போஸ்டர் விவகாரம் இன்னும் தீரவில்லை.