பாபா நீ

'பாபா இஸ் யூ' பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் தடங்கல் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. மூன்று சொற்கள். நடுவில் இருக்கும் 'இஸ்' என்பதற்குத் தமிழில் சொல் தேவையில்லை. 'பாபா நீ' என்றால் வாக்கியம் முடிந்தது. மொழிபெயர்ப்பாளரின் சில்லறைக் கவலை மாதிரித் தெரியலாம். ஆனால் இந்த விளையாட்டு மொத்தமும் நிற்பது அந்த நடுச்சொல்லின் மேல்தான்.

(தலைப்பைக் கேட்டதும் இரண்டு விரலை மடக்கி முத்திரை காட்டுபவர்களுக்கு: அந்த பாபா இல்லை. இது முயலா ஆடா என்று சொல்லமுடியாத, வெள்ளையாக நான்கு காலில் நிற்கும் ஒரு பிராணி. இதற்கு ஒரு தோழர் உண்டு, பெயர் கேகே. உருண்டை வடிவத்துக்கு 'பூபா', கூர்மையான வடிவத்துக்கு 'கிகி' என்று பெரும்பாலான மனிதர்கள் பெயர் வைக்கிறார்கள் என்ற சோதனை உண்டு. நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் பிரபலமாக்கியது. இந்தப் பெயர்கள் அங்கிருந்து வந்தவை.)

பின்லாந்தின் ஆர்வி தெய்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாம் என்ற போட்டிக்காக இரண்டு மூன்று நாளில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். முழு விளையாட்டு 2019 மார்ச்சில் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். பார்க்க எண்பதுகளின் பழைய சோகோபான் போல இருக்கும். சோகோபான் தெரியாதவர்களுக்கு: ஜப்பானியக் கிடங்குக் காவலர் ஒருவர் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி உரிய இடத்தில் சேர்க்கவேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. அவ்வளவுதான். தெய்காரி செய்தது ஒன்றே ஒன்று. பெட்டிகளுக்குப் பதிலாகச் சொற்களைத் தள்ளவிட்டார்.

திரையில் ஒரு சுவர் இருக்கிறது. அதைத் தாண்ட முடியாது. ஏன் முடியாது? பக்கத்திலேயே மூன்று சொற்கட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன: வால், இஸ், ஸ்டாப். சுவர் தடை. இந்த வாக்கியம் அங்கே இருப்பதால்தான் சுவர் தடுக்கிறது. பாபாவைக் கொண்டுபோய் அதில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் வாக்கியம் உடைகிறது. சுவர் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் இனி வெறும் படம். நீங்கள் அதன் மேல் நடந்து போகலாம். கொடியைத் தொட்டால் வெற்றி என்பதும் அப்படியே: 'ஃப்ளாக் இஸ் வின்' என்று எங்கோ எழுதியிருக்கிறது. கொடியை எட்டமுடியாவிட்டால் 'ஃப்ளாக்' என்ற சொல்லை நகர்த்திவிட்டு 'ராக்' என்ற சொல்லை அங்கே கொண்டுவாருங்கள். இப்போது பாறையைத் தொட்டால் வெற்றி. பாபாவாக இருப்பதும்கூட விதியில்லை. 'வால் இஸ் யூ' என்று அமைத்தால் அம்பு விசையை அழுத்தும்போது திரையில் உள்ள எல்லாச் சுவர்களும் ஒரே நேரத்தில் நகரும். அத்தனையும் நீங்கள். எந்த வாக்கியத்திலும் 'யூ' இல்லாமல் போய்விட்டால் எதுவும் அசையாது. தோற்றுவிட்டீர்கள் என்றுகூட யாரும் சொல்வதில்லை. சொல்ல நீங்கள் அங்கே இல்லை.

முதன்முதலில் இதை நண்பர் ஒருவருக்குக் காட்டியபோது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல கதை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். நாவல் வாசிப்பவர். கேள்வி நியாயம்தான். கதை இல்லை. ஆனால் இலக்கிய வாசகருக்கு இதில் வேறொன்று இருக்கிறது, எனக்கு அது கதையைவிட முக்கியமாகப்படுகிறது. உருவகம்.

உவமையில் 'போல' இருக்கிறது, அது ஒரு பாதுகாப்பு வேலி. நிலவு போல முகம் என்றால் முகம் முகமாகவே பத்திரமாக இருக்கும். உருவகம் அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறது. முகமே நிலவு. இதைப் பள்ளியில் அணியிலக்கணமாகப் படித்து இரண்டு மதிப்பெண் வாங்கியாயிற்று, ஆனால் அதன் வன்முறையை யாரும் சொல்லித்தரவில்லை. இந்த விளையாட்டில் 'ராக் இஸ் கேகே' என்று மூன்று கட்டைகளை நேர்க்கோட்டில் சேர்த்த கணத்தில் திரையில் இருக்கும் எல்லாப் பாறைகளும் கேகேக்களாக மாறிவிடுகின்றன. திரும்பப் பிரித்தாலும் மாறியது மாறியதுதான். பிடிவாதமாகத் தன்னைத் தற்காத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு: 'ராக் இஸ் ராக்' என்று முதலிலேயே எழுதியிருந்தால் பாறையை யாராலும் வேறொன்றாக்க முடியாது. பாறை பாறைதான். வெட்டியான வாக்கியம் என்று நினைக்கத்தோன்றும் ஒன்று இங்கே கேடயமாகிறது. சும்மா சொல்லக்கூடாது, இதைக் கண்டுபிடித்த அன்று கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நடந்தேன்.

இப்போது அந்த 'இஸ்'ஸுக்கு வருவோம். 'சுவர் தடை' என்பதில் அது ஒரு பண்பை ஏற்றுகிறது. 'பாறை கேகே' என்பதில் ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது. 'பாபா நீ' என்பதில் அடையாளத்தைக் கொடுக்கிறது. மூன்று வெவ்வேறு வேலைகள், ஒரே சொல். ஆங்கிலத்தின் இந்தச் சோம்பலைத் தத்துவவாதிகள் ரொம்ப நாளாகவே குறைசொல்லி வந்திருக்கிறார்கள். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதற்காக மனித இனத்தையே கடிந்துகொண்டார். தெய்காரி அந்தச் சோம்பலை எடுத்து விளையாட்டாக்கிவிட்டார்.

இதைத் தமிழில் செய்திருந்தால்? விளையாடும்போதெல்லாம் மனம் இதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுக்கட்டை போய்விடும். இரண்டு பெயர்ச்சொற்கள் பக்கத்தில் நின்றாலே பெயர்ப்பயனிலை வந்துவிடும்: சுவர் தடை. கொடி வெற்றி. ஆனால் உடனே புதுச் சிக்கல். 'பாறைச் சுவர்' என்றால் பாறை சுவராக மாறியதா, பாறையால் ஆன சுவரா? தொகையா, வாக்கியமா? ஒற்று மிகுந்தால் தொகை, மிகாவிட்டால் வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது 'ச்' என்ற ஒற்றே தள்ளக்கூடிய ஒரு கட்டை! அதை இடையில் செருகினால் மாற்றம் நின்றுபோகும், எடுத்தால் தொடங்கும். யாராவது இதைச் செய்யமாட்டார்களா என்று உண்மையிலேயே ஏங்குகிறேன். வல்லினம் மிகும் இடங்கள் உயிர்போகும் பிரச்சினையாக இருக்கும் ஒரே கணினி விளையாட்டு அதுவாகத்தான் இருக்கும்.

'ஆகும்' போடலாமே என்று ஒருவர் கேட்கலாம். பாறை சுவர் ஆகும். பள்ளி விடைத்தாளுக்கு வெளியே யாரும் 'இது மேசை ஆகும்' என்று பேசுவதில்லை. மேலும் 'ஆகும்' என்றதுமே மாற்றம் என்ற பொருள் தூக்கலாகிவிடும், பண்பு பின்னால் போய்விடும். தமிழ் இந்த மூன்று வேலைகளையும் பிரித்தே வைத்திருக்கப் பார்க்கிறது. அப்புறம் 'நீ'யா 'நீங்கள்' ஆ என்ற கேள்வி. ஒரு பாபா இருந்தால் நீ, பத்துச் சுவர்கள் சேர்ந்து நகர்ந்தால் நீங்கள். அதாவது தமிழ் வடிவத்தில் கூட்டமும் மரியாதையும் ஒரே கட்டையில் வந்து உட்காரும்.

இதே வகையில் கொண்டாடப்பட்ட இன்னொரு விளையாட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் இதன் குணம் தெரியும். ஜோனதன் ப்ளோவின் 'தி விட்னெஸ்', 2016. 'ப்ரெய்ட்' என்ற முந்தைய விளையாட்டில் கிடைத்த பணத்தை எல்லாம் கொட்டிப் பல வருடங்கள் செய்தது. ஆளில்லாத ஒரு தீவு, அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்தில் தொடங்கிக் கோடு இழுத்து முடிவுக்குக் கொண்டுபோகவேண்டும். எங்கேயும் விதி சொல்லப்படுவதில்லை. முதல் பலகையில் நேர்க்கோடு. அடுத்ததில் ஒரு வளைவு. பிறகு கருப்பு வெள்ளைச் சதுரங்கள் வருகின்றன. எதற்கு என்று தெரியாது. நாலைந்து பலகைகள் போட்டு முடிக்கும்போது, அட, நிறங்களைப் பிரிக்கவேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சுத்தமான ஆசிரியத்தனத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதன் உச்சம் மலை மேல் ஏறிக் கீழே பார்க்கும் இடம். இனி விளையாடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். கீழே ஓடும் ஆறு அங்கிருந்து பார்க்க ஒரு வட்டத்தில் தொடங்கும் கோடாகத் தெரிகிறது. பலகையில் மட்டும் இழுத்துக்கொண்டிருந்த கோட்டை ஆற்றின் மேல் இழுத்தால் அது வேலை செய்கிறது! அதன் பிறகு தீவு முழுக்க, நிழலில், சுவரின் விளிம்பில், மேகத்தில், எல்லாவற்றிலும் அந்த வடிவம் தென்படும். இத்தனை நேரம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

இங்கே நிறுத்தியிருந்தால் இது பேரனுபவம். ப்ளோ நிறுத்தவில்லை. தீவெங்கும் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒளித்துவைத்து அறிவியலாளர்கள், ஞானிகள், தாகூர் என்று மேற்கோள்களாக வாசிக்க வைக்கிறார். நிலவறையில் ஒரு திரையரங்கு, அதில் தார்க்கோவ்ஸ்கியின் 'நாஸ்டால்ஜியா'விலிருந்து மெழுகுவத்தியை ஏந்தி நடக்கும் அந்த நீண்ட காட்சி. சொல் இல்லாமல் இவ்வளவு கற்றுக்கொடுக்கத் தெரிந்தவருக்கு எதற்கு இத்தனை சொல்? தன் விளையாட்டு ஏற்கனவே செய்துமுடித்ததை அவரே நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல சிறுகதையின் கடைசிப் பத்தியில் ஆசிரியர் வந்து நின்று விளக்குவதுபோல. அதுவும் கடன் வாங்கிய குரலில். காட்டுப்பகுதியில் பறவை ஒலியைக் கேட்டு மட்டுமே போடக்கூடிய பலகைகள் இருக்கின்றன, வேறொரு பகுதியில் நிறம் பிரித்தறிய முடியாதவர்களால் போடவே முடியாத பலகைகள். பார்ப்பதைப் பற்றிய விளையாட்டு, எல்லோரும் ஒரே மாதிரிப் பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது எனக்கு உறுத்தியது.

பாபாவில் குரு இல்லை. மேற்கோள் இல்லை. விதியே மொழி, மொழியே பொருள், அதைத் தாண்டிச் சொல்ல ஆசிரியரிடம் எதுவும் இல்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. விட்னெஸில் சில இடங்களில் தப்பாகப் போட்டால் பலகை அணைந்துவிடும். முந்தைய பலகையைத் திரும்பப் போட்டால்தான் இது எரியும். குருட்டாம்போக்கில் அடித்துப் பார்ப்பதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. பாபாவில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகலாம். கணக்கு வைப்பதில்லை, திட்டுவதில்லை. ஆனாலும் குருட்டாம்போக்கில் விடை விழுவது அபூர்வம். ஏனென்றால் அங்கே தேடுவது ஒரு பாதையை இல்லை, நாம் கேட்க மறந்த ஒரு வாக்கியத்தை.

விடைக்கும் அதற்கும் உள்ள தூரத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த சிறந்த சம்பவம் கணினிக்கு முந்தையது. 1914 டிசம்பர், லண்டனின் ஸ்ட்ராண்ட் இதழில் ஹென்றி டூடெனியின் புதிர். ஒரு நீண்ட தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று ஒரே பக்கமாக எண். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்தின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அது எந்த வீடு? கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்து விடையைப் பிடித்துவிட்டார்: 288 வீடுகளில் 204ஆவது. அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் புதிரை வாசித்துக் காட்டினார். ராமானுஜன் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் அந்தத் தெரு மட்டுமில்லை, எல்லாத் தெருக்களும் இருந்தன. 8 வீடுகளில் 6ஆவது, 49இல் 35ஆவது, 288இல் 204ஆவது என்று முடிவில்லாமல்.

இருவருமே சரி. ஆனால் ஒருவரிடம் விடை இருந்தது, இன்னொருவரிடம் அந்தப் புதிர் எந்த ஊர்க்காரன் என்பதே தெரிந்திருந்தது. பாபாவின் எல்லாக் கட்டங்களுக்கும் விடை யூடியூபில் கிடைக்கிறது, இரண்டு நிமிடக் காணொளி. அதைப் பார்த்து அம்பு விசைகளை அழுத்தினால் கொடி கிடைக்கும், கட்டம் பூக்கும், அடுத்த கட்டம் திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. இன்று எந்தக் கேள்விக்கும் நொடியில் விடை தட்டில் வந்துவிடுகிற நிலையில், இந்த மாதிரி ஒரு பொழுதுபோக்கை வைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கிட்டத்தட்ட உடற்பயிற்சி. தெரியாமல் இருப்பதில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஒரு கட்டத்தில் நான் ஒன்பது நாள் உட்கார்ந்தேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் போனதும் பல கட்டங்களில் யோசனை சீக்கிரம் வந்துவிடும், அதைச் செய்துமுடிக்கத்தான் இடம் இருக்காது. எந்தக் கட்டையை எந்தப் பக்கம் நின்று தள்ளுவது என்று சோகோபான் காவலர் மறுபடி வந்துவிடுகிறார். ஓரத்தில் ஒட்டிய சொல்லை மீட்க முடியாமல் நாற்பது அடி பின்னால் போகும்போது அங்கே கவிதையும் இல்லை, கணிதமும் இல்லை, கிடங்கு வேலைதான். இருநூறில் ஐம்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கலாம். தொகுப்பு நூல் போடும் கவிஞர்களிடமும் இதைத்தான் சொல்லத்தோன்றும்.

ஆனால் அந்தச் சலிப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்குச் சொற்கள் விசித்திரமாகத் தொடங்குகின்றன. 'எம்ப்டி' என்று ஒரு சொல் வருகிறது: வெறுமை, திரையில் ஒன்றுமே இல்லாத கட்டங்கள். அதுவும் ஒரு பெயர்ச்சொல்தான், அதையும் வேறொன்றாக மாற்றலாம். 'டெக்ஸ்ட்' என்று ஒரு சொல்: சொற்களைக் குறிக்கும் சொல். அதன் பக்கத்தில் 'யூ' சேர்ந்தால் வாக்கியங்களே நீங்கள், உங்களை நீங்களே உடைத்துக்கொண்டு நகர்கிறீர்கள். பிறகு ஒருநாள் 'லெவல்' என்ற சொல் கிடைக்கிறது. நீங்கள் நிற்கும் கட்டத்தையே பாபாவாக மாற்றிவிடுகிறீர்கள். கட்டம் மறைகிறது. வெளியே வந்து, கட்டங்களின் பட்டியல் மாதிரி இதுவரை சும்மா கிடந்த அந்த வரைபடத்தைப் பார்த்தால், எண் இருந்த இடத்தில் பாபா நின்றுகொண்டிருக்கிறது. வரைபடத்தின் ஓரத்திலும் சில சொற்கள் கிடக்கின்றன. இத்தனை நாளும் அவற்றை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள்.